முடி வளரும்வரை

தைப்பூசம் முடிந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில், மலேசியாவின் கிள்ளானில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் டேவானில் டாக்டர் புனிதா கத்தரிக்கோலும் அலுமினியத் தாளுமாக உட்கார்ந்திருந்தாள். டேவான் என்றதும் பெரிய மண்டபத்தைக் கற்பனை செய்துவிட வேண்டாம். நிச்சயதார்த்தம், கருமாதி, குடியிருப்போர் சங்கத்துச் சண்டை எல்லாவற்றுக்கும் அங்கே அந்த ஒரே கூடம்தான். இரண்டு மின்விசிறிகள் இருந்தன, அதில் ஒன்று சுற்றும்.

முதலில் வந்தவள் தனலெட்சுமி. பக்கத்திலிருக்கும் கையுறைத் தொழிற்சாலையில் கல்யாணத்துக்கு முன்பிருந்தே வேலை செய்பவள். நாற்காலியில் உட்கார்ந்து தலையில் சுற்றியிருந்த துப்பட்டாவை அவிழ்த்தாள். உள்ளே வழவழவென்று மொட்டை. பூசிய சந்தனம் காதோரத்தில் காய்ந்து ஒட்டியிருந்தது.

“சாமிக்குக் குடுத்துட்டேன் டாக்டர்,” என்றாள். “இப்ப ஒங்களுக்கு என்னாத்த குடுக்கறது?”

புனிதா சிரித்தாள். ஒருத்திதானே, போகட்டும் என்று நினைத்தாள். அடுத்து வந்தவளும் துணியை அவிழ்த்தாள், அதுவும் மொட்டை. பிறகு ஒரே வீட்டிலிருந்து அக்காள் தங்கை இரண்டு பேர். மத்தியானச் சாப்பாட்டு நேரம் ஆனபோது, மொட்டை அடித்த பத்தொன்பது பெண்கள் அந்த டேவானில் உட்கார்ந்து மைலோ குடித்துக்கொண்டிருந்தார்கள். புனிதாவுக்குச் சிரிப்பு நின்றுபோனது.

ஏன் என்று சொல்கிறேன். புனிதா வைத்தியம் பார்க்கிற டாக்டர் இல்லை. அதில் அவள் அம்மாவுக்கு இன்றுவரை மனக்குறை உண்டு. பெற்ற தாய்க்கு இருமல் மருந்து எழுதித் தரத் தெரியாத டாக்டர் என்று தான் குடியிருக்கும் செந்தூல் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள். புனிதா ஆராய்ச்சிக்காரி. மனுஷனுக்கு ஒரு நெருக்கடி வந்தால் உடம்பில் கோர்ட்டிசோல் என்று ஒரு ஹார்மோன் சுரக்கும். தெருநாய் துரத்தும்போது ஓடத் தெம்பு தருவது அதுதான், அந்த அளவில் அது நல்லது. நாய் போகாமல் வாசலிலேயே மாதக்கணக்கில் படுத்துக்கொண்டால்தான் வம்பு. ஓயாமல் சுரக்கிற அதே ஹார்மோன், மூளைக்குள் நினைவைக் காக்கிற இடத்தை மெல்ல அரிக்க ஆரம்பிக்கும். இதைத்தான் புனிதா இருபது வருஷமாகத் துருவிக்கொண்டிருந்தாள்.

ஆரம்பத்தில் எலிகள். குழாய்க்குள் அசையவிடாமல் அடைத்து வைத்த எலியின் மூளையில் நரம்புக் கிளைகள் எப்படிச் சுருங்குகின்றன என்று நுண்ணோக்கியில் பார்த்துப் பார்த்தே அவளுக்குக் கண்ணாடி வந்தது. அந்த எலியைத் திறந்துவிட்டுச் சில வாரம் நிம்மதியாக இருக்கவிட்டால் அதே கிளைகள் மறுபடி தளிர்ப்பதையும் பார்த்தாள். அன்றைக்கு ஆய்வுக்கூடத்திலேயே உட்கார்ந்து சந்தோஷத்தில் அழுதாள். எலிக்குக் கவலை வந்தால் உனக்கென்னடி என்று அம்மா கேட்டாள். கேள்வி நியாயமானதுதான். எலியை விட்டு மனுஷரிடம் வந்து சேர அவளுக்குப் பத்து வருஷம் பிடித்தது.

ஜெர்மனிக்குப் போய், முடியிலிருந்து கோர்ட்டிசோலை அளக்கக் கற்றுக்கொண்டு வந்தாள். முடி மாதம் ஒரு சென்டிமீட்டர் வளரும். வளரும்போது இரத்தத்தில் இருக்கிற ஹார்மோனையும் கொஞ்சம் உள்ளே இழுத்து வைத்துக்கொள்ளும். தலையோடு ஒட்டிய மூன்று சென்டிமீட்டரை வெட்டி அளந்தால், அந்த ஆள் போன மூன்று மாதம் என்ன பாடு பட்டாள் என்பது தெரிந்துவிடும். எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் நல்லாத்தான் இருக்கேன் என்கிற ஊர் இது. முடியிடம் கேட்பதே மேல் என்று புனிதா முடிவு செய்திருந்தாள்.

அந்தச் சமயத்தில்தான் கையுறைக் கம்பெனிக்காரர்கள் வந்தார்கள். எட்டு மணி நேர வேலையைப் பன்னிரண்டு மணி நேர ஷிப்டாக மாற்றப் போகிறோம், அதனால் தொழிலாளர்களுக்கு ஒரு பாதிப்பும் இல்லை என்று விஞ்ஞானமே சொல்ல வேண்டும் என்றார்கள். பாதிப்பு உண்டா இல்லையா என்று பார்க்கிறோம் என்று பல்கலைக்கழகம் சொன்னது. இரண்டும் ஒன்றல்ல என்பது அப்போதே புனிதாவுக்கு உறைத்திருக்க வேண்டும். அறுபத்தெட்டுப் பெண்கள் சேர்ந்தார்கள். அக்டோபரில் எல்லார் முடியும் எடுத்தாயிற்று, நவம்பரில் ஷிப்ட் மாறியது, இப்போது இரண்டாவது முறை.

ஆண்களுக்கு முடி குட்டை, ஆகவே பெண்கள் மட்டும் என்று திட்டத்தில் எழுதியவள் புனிதா. தைப்பூச வாரத்தில் ஒரு தமிழரும் வரமாட்டார், அது முடிந்த பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று தேதி குறித்தவளும் அவளேதான். வருஷம் தவறாமல் பத்துமலை முருகன் கோயிலுக்குப் போகிறவள், பெண்கள் வரிசையில் உட்கார்ந்து மொட்டை போட்டுக்கொள்வதைக் கண்ணால் பார்த்தவள், ஆய்வுக்கூடத்து நாற்காலியில் உட்கார்ந்ததும் அதை மறந்துபோனாள். திட்டத்தைச் சரிபார்த்த வெள்ளைக்கார நிபுணர்களுக்குத் தெரிய வழியில்லை. செந்தூலில் பிறந்தவளுக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?

தன் மேலேயே வந்த எரிச்சலை அடக்கிக்கொண்டு, போன வருஷமும் மொட்டை அடித்தீர்களா என்று ஒவ்வொருத்தியிடமும் கேட்டாள். இல்லை என்றார்கள். வழக்கமாகப் பூமுடி கொடுப்பதோடு சரி, நுனியில் மூன்று கொத்து. இந்த வருஷம் ஏன் முழுசாக? அதற்குத்தான் ஒவ்வொருத்தியிடமும் ஒரு கதை இருந்தது. சாயங்காலம் போனால் மறுநாள் காலையில்தான் வீடு திரும்புகிறாள் ஒருத்தி, அவள் மகள் பள்ளிக்கூடம் போவதை நிறுத்திவிட்டாள். இன்னொருத்திக்கு ஏற்கெனவே இருந்த சர்க்கரை கண்ணைத் தாக்கிவிட்டது. தனலெட்சுமி மூன்று மாதமாகப் புருஷனைத் தூங்கும்போதுதான் பார்க்கிறாளாம். எட்டுப் பேர், ஒருத்தரை ஒருத்தர் கேட்டுக்கொள்ளாமலே, ஒரே வேண்டுதலை வைத்திருந்தார்கள்: பழைய ஷிப்ட் திரும்பி வர வேண்டும்.

“கம்பெனிக்கு லெட்டர் போட்டா கிழிச்சிருவாங்க டாக்டர்,” என்றாள் தனலெட்சுமி. “முருகன் கிழிக்க மாட்டாருலா.”

முடி எடுக்க முடியாவிட்டாலும் ஞாபகசக்திச் சோதனை எல்லாருக்கும் நடந்தது. பதினைந்து வார்த்தைகளை வாசித்துக் காட்டி, அரைமணி நேரம் கழித்துத் திருப்பிச் சொல்லச் சொல்வார்கள். அக்டோபரில் தனலெட்சுமி கிட்டத்தட்ட எல்லாவற்றையும் கடகடவென்று ஒப்பித்துவிட்டு, இன்னும் கஷ்டமாக ஏதாவது கொடுங்கள் என்று கேட்டவள். இப்போது நான்கு வார்த்தையோடு நின்றுவிட்டாள். ஐந்தாவதுக்காக அவள் நெற்றியைத் தட்டிக்கொண்டதைப் பார்த்தபோது, புனிதாவுக்குப் பேனா ஓடவில்லை. மற்ற மொட்டைகளும் ஏறக்குறைய அப்படித்தான். முடி இருந்தவர்கள் பரவாயில்லை.

பொறி தட்டியது அப்போதுதான். யார் மொட்டை அடிக்கிறார்கள்? கழுத்துவரை தண்ணீர் வந்தவர்கள். யார் அதிகம் பாதிக்கப்பட்டார்களோ அவர்கள்தான் அந்தப் பாதிப்பின் அத்தாட்சியைக் கொண்டுபோய்ப் பத்துமலை அடிவாரத்தில் கொட்டிவிட்டு வந்திருக்கிறார்கள். மிஞ்சிய முடிகளை மட்டும் அளந்தால் கம்பெனி கேட்ட பதில் அச்சுக் குலையாமல் கிடைத்துவிடும்.

கிடைத்தது. இரண்டு வாரத்தில் நாற்பத்தொன்பது பேரின் முடியும், இரண்டு தடவை எடுத்ததிலும் பாதிப் பாதி, அளந்தாயிற்று; மீதி முத்திரையிட்ட பைகளில் இருந்தது. கோர்ட்டிசோல் ஏறவில்லை என்று சொல்லத்தக்க அளவில்தான் இருந்தது.

புரொபசர் ஜெயந்திரனுக்கு மகிழ்ச்சி. அவர் புனிதாவின் துறைத் தலைவர், பிரிக்ஃபீல்ட்ஸில் மூன்று தலைமுறையாக வாழும் யாழ்ப்பாணக் குடும்பம். நல்ல மனிதர் என்றே சொல்ல வேண்டும். எலிக்கூண்டு கழுவிக்கொண்டிருந்த மாணவியைக் கைதூக்கிவிட்டவர், ஜெர்மனிக்கு அனுப்ப எங்கெங்கோ பேசியவர். அவருக்கு ஒரே ஒரு பழக்கம் உண்டு. ரயில்வேயில் உங்கள் தாத்தா தண்டவாளம் போட்டார், எங்கள் தாத்தா வருகைப் பதிவேட்டோடு நின்று அவர் பெயரைக் கூப்பிட்டார், இப்போது பாருங்கள் இரண்டு பேரும் ஒரே மேடையில் என்று விருந்துகளில் புனிதாவைப் பக்கத்தில் நிறுத்திச் சொல்வார். எல்லாரும் சிரிப்பார்கள். புனிதாவும் இத்தனை வருஷம் சிரித்திருக்கிறாள்.

அவர் தன் கையாலேயே காப்பி போட்டுக் கொடுத்து உட்காரச் சொன்னார். முடி இல்லாதவர்களை நீக்கிவிட்டு அறிக்கை எழுதிவிடலாம் என்றார். உலகத்தில் எந்த ஆராய்ச்சியிலும் செய்வதுதானே? சிலர் விலகுவார்கள், சிலர் ஊர் மாறிப்போவார்கள், அவர்களை விட்டுவிட்டு எழுதுவதில் என்ன தப்பு? புனிதா தன் மனதில் இருந்ததைச் சொன்னாள். இவர்கள் தற்செயலாக விடுபட்டவர்கள் இல்லை, கஷ்டம்தான் இவர்களை விடுபட வைத்தது என்றாள். அவர் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடாதையும் புனிதா. சனம் எல்லா வருஷமும்தானே மொட்டை அடிக்குது.”

அதோடு விடவில்லை. விரதம் இருந்த உடம்பில் ஹார்மோன் எப்படியும் மாறித்தான் இருக்கும், அதனாலேயே அவர்களை நீக்க வேண்டும் என்றார். மடக்கிவிட்டதாக நினைத்தார். முடி இருப்பவர்களில் கிறிஸ்தவப் பெண் மார்க்கிரட்டையும் இன்னும் ஓரிருவரையும் தவிர எல்லாரும் விரதம் இருந்தவர்கள்தான், அப்படியென்றால் அத்தனை பேரையும் நீக்கிவிடலாமா என்று புனிதா கேட்டாள். அவர் காப்பியைக் குடித்தார்.

“முடி வளரும் புரொஃப்,” என்றாள் புனிதா. “மே மாசம் வரைக்கும் காத்திருந்தா பத்தொன்பது பேருக்கும் மூணு சென்டிமீட்டர் வந்துரும். எல்லாருக்கும் மறுபடி எடுக்கலாம்.”

கம்பெனிக்கு மே மாதம் என்று ஒன்று இல்லை என்றார் அவர். மார்ச்சில் அவர்களுடைய இயக்குநர்கள் கூடுகிறார்கள், மற்ற இரண்டு தொழிற்சாலைகளிலும் பன்னிரண்டு மணி நேரத்தைக் கொண்டுவர அந்த அறிக்கை வேண்டும். அறிக்கை போனால் அடுத்த கட்டத்துக்கும் அவர்களே துணை நிற்பார்கள். அடுத்த கட்டம் என்றால் இந்தப் பெண்களின் மூளையை ஸ்கேன் எடுப்பது. எலியில் கண்டதை உயிருள்ள மனுஷியில் காண்பது. அதற்காகத்தான் புனிதா இருபது வருஷம் காத்திருந்தாள் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும், தெரிந்துதான் சொன்னார்.

ஆய்வுக்குப் பொறுப்பாளர் புனிதா, ஆகவே அவள் கையெழுத்து இல்லாமல் அறிக்கை போகாது. வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்துப் போடச் சொன்னார். அவளுடைய வேலை ஒப்பந்தம் ஜூனில் முடிகிறது என்பதையும் நினைவுபடுத்தினார், மிரட்டலாக இல்லை, அக்கறையாக. “கொஞ்சம் யோசியும்,” என்றார்.

யோசித்தாள். கேஎல் சென்ட்ரலிலிருந்து கிள்ளானுக்குப் போகிற கொம்யூட்டர் புறநகர் ரயிலில் உட்கார்ந்து வழியெல்லாம் யோசித்தாள். கோபம் கோபமாக வந்தது. புரொபசர் மீது மட்டுமில்லை, இவ்வளவு காலம் சிரித்த தன் மீதும்தான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறார்கள், அந்தச் சோற்றைத் தன் கையாலேயே பரிமாறச் சொல்கிறார்கள். கையெழுத்துப் போட்டால் ஸ்கேன் கிடைக்கும். ஸ்கேனில் இந்தப் பத்தொன்பது பேரும் இருக்க மாட்டார்கள், நீக்கியாயிற்றே. நன்றாக இருப்பவர்களின் மூளையைப் படம் பிடித்து நன்றாக இருக்கிறது என்று எழுதுவதற்கா இருபது வருஷம்?

தனலெட்சுமியிடம் மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பலாம் என்றுதான் போனாள். உங்கள் முடி கணக்கில் வராது, நீங்கள் வந்து உட்கார்ந்ததும் வராது, மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல வேண்டியது தன் கடமை என்று நினைத்தாள். தனலெட்சுமி கடைசிவரை கேட்டாள். பிறகு போனை எடுத்து வாட்ஸ்அப்பில் எதையோ தட்டினாள். அரைமணி நேரத்தில் டேவான் நிறைந்துவிட்டது. காலை ஷிப்ட் போனவர்கள் தவிர எல்லாரும் வந்துவிட்டார்கள், தலைக்கு எண்ணெய் வைத்தபடியே, அடுப்பை அணைத்துவிட்டு.

புனிதா மறுபடி எல்லாவற்றையும் சொன்னாள். இந்த முறை ஒன்றையும் மறைக்கவில்லை. உங்கள் முடியில் பெரிய மாற்றம் இல்லை, அதை வைத்து எல்லாரும் நன்றாக இருக்கிறார்கள் என்று எழுதப் போகிறார்கள், அடுத்த இரண்டு தொழிற்சாலையிலும் இதே ஷிப்ட் வரும் என்றாள். கூடம் கொஞ்ச நேரம் கசமுசாவென்று இருந்தது. பின்வரிசையிலிருந்து மார்க்கிரட் எழுந்தாள். இடுப்புவரை நீண்ட பின்னல் அவளுக்கு. தேவாலயத்துக்குப் போகிறவள், தைப்பூசத்துக்கும் அவளுக்கும் சம்பந்தமில்லை.

“என் முடி இருக்குறதுனாலதான இவுங்க கஷ்டம் இல்லன்னு சொல்றாங்க,” என்றாள் மார்க்கிரட். “நான் என் முடிய திருப்பிக் கேட்டா?”

 பதில் புனிதாவுக்குத் தெரியும். ஆராய்ச்சியில் சேர்ந்த எவரும் எந்த நேரத்திலும், காரணம் சொல்லாமலே விலகிக்கொள்ளலாம், கொடுத்ததைத் திருப்பியும் வாங்கிக்கொள்ளலாம். உலகம் முழுக்க விதி அதுதான். அதைச் சொன்னால் என்ன ஆகும் என்பதும் தெரியும். மார்க்கிரட் விலகினால் இவர்கள் எல்லாரும் விலகுவார்கள். அறிக்கை மட்டுமா போகும்? ஆய்வே போகும், ஸ்கேன் போகும், வேலை போகும். விசாரித்துச் சொல்கிறேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், வெள்ளிக்கிழமை தாண்டிவிடும். அப்படிச் சொல்லிவிடலாமா என்று அவளுக்கு ஆசையாகவே இருந்தது. ஆசை இல்லை என்று சொன்னால் நான் பொய் சொல்கிறேன் என்று அர்த்தம்.

“கேக்கலாம்,” என்றாள் புனிதா. “கேட்டா நான் குடுத்துத்தான் ஆகணும்.”

“குடுத்தா ஒங்க வேல போயிருமா டாக்டர்?” தனலெட்சுமிதான் கேட்டாள்.

“போகலாம்.”

அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கம்பெனிக்குப் பெயர் தெரிந்துவிடுமே என்று ஒருத்தி பயந்தாள். கம்பெனிக்கு எண் மட்டும்தான் தெரியும், பெயர் தன்னைத் தாண்டிப் போகாது என்று புனிதா சொன்னாள். இன்னொருத்தி, டாக்டர் வீட்டில் அடுப்பு எரிய வேண்டாமா, நாம் பாட்டுக்கு முடிவு செய்கிறோமே என்றாள். அதைக் கேட்டுத்தான் புனிதாவுக்குக் கண் கலங்கியது. இத்தனை நாள் இவர்களுடைய மன உளைச்சலை அளந்துகொண்டிருந்தவள் அவள், இவர்கள் என்னடாவென்றால் அவளுடையதை அளக்கிறார்கள். என் அடுப்பை நான் பார்த்துக்கொள்கிறேன், உங்களுக்குச் சரி என்று படுவதைச் செய்யுங்கள் என்றாள். குரல் அவள் நினைத்ததைவிட உரக்க வந்தது.

மார்க்கிரட் முதலில் விலகினாள். அன்று இரவுக்குள், காலை ஷிப்ட் முடிந்து திரும்பியவர்களும் சேர்ந்து, நாற்பத்தொன்பது பேரும் விலகினார்கள். பத்தொன்பது பேரும் தங்கள் அக்டோபர் முடியைத் திருப்பிக் கேட்டார்கள். எங்களை நீங்கள் நீக்குவது என்ன, நாங்களே போகிறோம் என்று தனலெட்சுமி சொன்னபோது கூடமே சிரித்தது. அந்த டேவானில் அப்படி ஒரு சிரிப்பைப் புனிதா கேட்டதில்லை.

வெள்ளிக்கிழமை புரொபசர் காப்பி போடவில்லை. மேஜையில் இருந்த அறுபத்தெட்டு விலகல் கடிதங்களையும் ஒவ்வொன்றாகப் புரட்டினார். இவர்களைத் தூண்டிவிட்டது யார் என்று கேட்டார். கேள்வி கேட்டார்கள், பதில் சொன்னேன் என்றாள் புனிதா. உமக்காக நான் எவ்வளவு செய்தேன், சொந்தக் கையாலேயே உம்முடைய எதிர்காலத்தைக் கொளுத்திவிட்டீரே, உமக்கென்ன விசரா, பைத்தியமா என்றார். அவர் குரலில் நிஜமான வருத்தம் இருந்தது. அதனால் புனிதா நிதானமாகவே பேசினாள்.

“செஞ்சீங்க புரொஃப், நான் மறக்கல. ஆனா அந்தப் பத்தொன்பது பேரு காணாமப் போகல. என் முன்னால ஒக்காந்து மைலோ குடிச்சாங்க. அவுங்கள இல்லன்னு எழுத எனக்குக் கை வராது.”

“தண்டவாளக்காரன் பேத்தி,” என்றார் அவர், பழைய பழக்கத்தில், பாதிச் சிரிப்போடு.

“ஆமா,” என்றாள் புனிதா. இந்த முறை அவள் சிரிக்கவில்லை. ஜூன்வரை காத்திருக்காமல் அன்றைக்கே ராஜினாமாக் கடிதத்தையும் கொடுத்துவிட்டு, முடிப் பைகளை அவரவரிடம் திருப்பிக் கொடுத்தாள்.

மார்ச்சில் இயக்குநர்கள் கூடினார்கள். காட்டுவதற்கு விஞ்ஞானம் இல்லாததால் மற்ற இரண்டு தொழிற்சாலைகளின் விஷயத்தை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளி வைத்தார்கள். தள்ளித்தான் வைத்தார்கள், கைவிடவில்லை. கிள்ளானில் அதே பன்னிரண்டு மணி நேரம்தான் ஓடிக்கொண்டிருந்தது. முருகனும் இன்னும் உத்தரவு போடவில்லை.

புனிதாவுக்குச் சுபாங் ஜெயாவில் ஒரு தனியார் கல்லூரியில் வேலை கிடைத்தது. டிப்ளோமா படிக்கிற பிள்ளைகளுக்குத் தவளையின் இதயத்துக்கு எத்தனை அறை என்று சொல்லிக்கொடுக்கிற வேலை. ஆய்வுக்கூடம் என்று அவர்கள் காட்டிய அறையில் பாதியைப் பழைய நாற்காலிகள் அடைத்திருந்தன. மூலையில், யாரும் தொடாமல் தூசி படிந்து, ஹார்மோன் அளக்கிற இயந்திரம் ஒன்று இருந்தது. பழசுதான், ஆனால் ஓடியது. அம்மா விஷயத்தைக் கேட்டுவிட்டு, அங்கேயாவது இருமல் மருந்து கற்றுக்கொள் என்றாள். புனிதா நாற்காலிகளை வெளியே தூக்கிப் போட்டாள். கல்லூரியின் ஆய்வு நெறிமுறைக் குழுவிடம் புதிதாக அனுமதி கேட்டாள். அவர்கள் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் பதில் எழுதி, மறுபடி கேட்டதற்கும் எழுதி, ஜூனில் அனுமதி வாங்கினாள். ஸ்கேன் இல்லை. முடியும் ஞாபகசக்தியும் மட்டும்தான்.

ஜூன் கடைசி ஞாயிற்றுக்கிழமை டேவானில் மறுபடி கத்தரிக்கோலும் அலுமினியத் தாளும். யார் வருவார்கள் என்று அவளுக்குத் தெரியாது. விலகியவர்களைத் திரும்ப வா என்று வற்புறுத்தவும் கூடாது. அழைப்பை மட்டும் அனுப்பிவிட்டுக் காத்திருந்தாள். ஒன்பது மணிவரை ஒருவரும் வரவில்லை. இருபது வருஷ உழைப்புக்கு இதுதான் மிச்சமா என்று நினைத்தாள். பிறகுதான் நினைவு வந்தது, இரவு ஷிப்ட் முடிந்து வருபவர்கள் குளித்துவிட்டுத்தானே வருவார்கள்.

வந்தார்கள். மார்க்கிரட் பைபிளுக்குள் வைத்திருந்த தன் அக்டோபர் முடியை, முத்திரை உடையாத அந்தச் சின்னப் பையோடு, எடுத்துக் கொடுத்தாள். ஒவ்வொருத்தியும் ஒரு பை கொண்டுவந்தாள். ஒரு பையில் குங்குமம் ஒட்டியிருந்தது, சாமி மேடையில் வைத்திருந்தாளாம். கேட்காமலே பத்திரமாக வைத்திருந்தார்கள். ஒருநாள் திரும்பக் கேட்டு வருவாள் என்று அவர்களுக்கு யார் சொன்னது? புனிதா பைகளை வாங்கி வரிசையாக அடுக்கினாள்.

தனலெட்சுமி வந்து உட்கார்ந்து துப்பட்டாவை அவிழ்த்தாள். மூன்று விரல் அகலத்துக்கு முடி, நரையும் கறுப்புமாக முள்ளுமுள்ளாக நின்றது. கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. நேராக வேலையிலிருந்து வருகிறாள் என்று பார்த்தாலே தெரிந்தது. இப்போதுதான் கிளிப் மாட்டுகிற அளவுக்கு வந்திருக்கிறது, பார்த்து வெட்டுங்கள் என்றாள். புனிதா சீப்பால் பின்னந்தலையில் பென்சில் கனத்துக்கு முடியைப் பிரித்து நூலால் கட்டினாள்.

“டாக்டர், ஒன்னு கேக்கவா?” என்றாள் தனலெட்சுமி, தலையை அசைக்காமல். “இவ்ளோ செஞ்சிட்டு, கடைசில எங்க முடிலயும் ஒன்னும் இல்லன்னு வந்தா என்னா செய்வீங்க?”

புனிதாவின் கை நின்றது. அப்படி வராது என்று சொல்லத்தான் நாக்குத் துடித்தது.

“ஒன்னும் இல்லன்னு வந்தா ஒன்னும் இல்லன்னுதான் எழுதுவேன்.”

 தனலெட்சுமி, சுற்றாத மின்விசிறிக்குக் கீழே வரிசையில் நின்ற மற்றப் பெண்களை ஓரக்கண்ணால் பார்த்தாள். புனிதா காத்திருந்தாள்.

“எழுதுங்க,” என்றாள் தனலெட்சுமி. “நாங்க பயப்படல. ஆனா எங்க தலையையும் எண்ணிட்டு எழுதுங்க.”

சொல்லிவிட்டு, வெட்டுவதற்குத் தோதாகத் தலையைக் குனிந்து கொடுத்தாள்.